மலிவாய் வந்த ஃபியட்

 

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் மோட்டார் காரைப் பற்றி எழுத முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சைக்கிளும் நகரப் பேருந்துமே எங்களைப் போன்றோருக்கு வாய்த்த வாகனங்கள் என்று நானும் நாற்பது வயது வரை எண்ணியிருந்தவன்தான். ஆயினும், கடந்த ஏழாண்டுகளாக இத்தாலிய நாட்டுக் கம்பெனியின் கார் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அதை வாங்கியதிலும், ஓட்டியதிலும், விற்க முயன்றதிலும் நான் அடைந்த அனுபவங்கள் பழைய கார் வாங்க எண்ணும் உங்கள் வீட்டாருக்கும் பயன்படக்கூடும். அத்துடன், நான் தலை குனிய நேர்ந்த ஒரு செய்தியும் இதில் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி. மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் செல்லும் சாலையில், மதுரைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் பூமி. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தமது இறுதிக் காலத்தை இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கழித்தார். 1960 ஜனவரி 30-இல் அவர் காலமானார். கிராமத்துக் கைத்தொழிலுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய அந்தப் பெரியவர் வாழ்ந்த ஊரிலிருந்து நான் இத்தாலிய வண்டியின் பெருமை பேசுவது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சிறு வயதில் நான் முதன்முதலாக ஏறிய காரும் ஃபியட்தான். என் பெரியத்தா மதுரையில் ஒரு வக்கீலிடமிருந்து பழைய ‘பிரிமியர் பத்மினி’ ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன் கியர்த் தண்டு இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல் கீழே இராது. ஸ்டியரிங் கம்பத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, முன்னிருக்கை இடைவெளியின்றி ஒரே பெஞ்சாக இருந்தது. பெரியத்தா ஓட்ட, நடுவில் நான், ஓரத்தில் அத்தா; பின்னால் பெண்களும் குழந்தைகளுமாக எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடியாது. பெருநாள் மறுநாள் கோரிப்பாளையத்திற்கு அப்படித்தான் போவோம். வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார் பெரியத்தா. அது பழுது என்று நாங்கள் நினைத்ததில்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் காருக்கும் காட்ட வேண்டும் போலும் என்றே நினைத்திருந்தோம்.

அந்தப் பத்மினி முழுக்க நம் நாட்டு வண்டி என்று பலரும் எண்ணுகிறார்கள். அதன் பூர்வீகம் இத்தாலி. பி.ஏ. வகுப்பில் வரலாறு படித்தவன் என்ற உரிமையில் அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் டூரின் நகரில் 1899-இல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை அது. ‘டூரின் நகர இத்தாலிய மோட்டார்த் தொழிற்சாலை’ என்று பொருள்படும் நான்கு சொற்களின் முதலெழுத்துகளே ஃபியட் என்று ஆயின. பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமே கார் என்றிருந்த நிலையை மாற்றி, சாதாரணக் குடும்பத்திற்கும் ஒரு வண்டி என்ற எண்ணத்தில் 1936-இல் அவர்கள் ஒரு சின்னஞ்சிறு காரைச் செய்தார்கள். இத்தாலிய மக்கள் அதற்கு ‘டோப்போலினோ’, அதாவது சுண்டெலி என்று செல்லப் பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் 1955-இல் ‘600’ என்ற வண்டியும், 1957-இல் ‘500’ என்ற அதனினும் சிறிய வண்டியும் வந்தன. பின்னதன் இஞ்சின் வெறும் 479 சிசி. இன்று நம் தெருவில் ஓடும் சில மோட்டார் சைக்கிள்களின் இஞ்சின் இதைவிடப் பெரிது! இவற்றையெல்லாம் வடிவமைத்தவர் தாந்தே ஜியாகோசா என்ற பொறியாளர். போரில் நொந்துபோயிருந்த இத்தாலியில், ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்த குடும்பங்கள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மழையில் நனையாமல் போனது இவரால்தான்.

இந்தியாவில் வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் நிறுவிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவிலிருந்து ஃபியட்டின் வண்டிகளைச் செய்து விற்றது. 1964-இல் வந்த ‘1100 டிலைட்’ என்ற மாதிரிதான் 1974-இல் பத்மினி என்று பெயர் மாறியது. இஞ்சின் 1089 சிசி. 1983-இல் மாருதி வந்த பிறகு அதன் மவுசு குறைந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தியும் நின்றது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக எஞ்சியிருந்த பத்மினிகளும் 2023 அக்டோபர் இறுதியோடு சாலையை விட்டு விலகின.

அதன்பின் அதே இத்தாலியக் கம்பெனி யூனோ, பாலியோ, புன்டோ, லீனியா என்று பல வண்டிகளைக் கொண்டு வந்தது. 2001-இல் வந்த பாலியோவுக்கு சச்சின் டெண்டுல்கரே விளம்பரம் செய்தார். வண்டிகள் உறுதியானவை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், வாங்கத்தான் தயங்கினார்கள். பழுது பார்க்க இடம் குறைவு, உதிரிபாகம் கிடைக்காது, திரும்ப விற்றால் விலை போகாது என்று ஒரு பேச்சு ஊரெங்கும் நிலைத்துவிட்டது. 2019-இல் புன்டோவும் லீனியாவும் நிறுத்தப்பட்டு, ஃபியட் என்ற பெயரே இந்திய விற்பனையிலிருந்து மறைந்தது.

இந்தப் பேச்சுதான் என் போன்றோருக்கு வாசலைத் திறந்துவிட்டது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லோரும் விரும்பும் பண்டத்தின் விலை இறங்குவதில்லை. யாரும் சீந்தாத பண்டமே ஏழை கைக்கு எட்டுகிறது.

2017-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முன்பு என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கைத்தடியுடன் நடந்தார்கள் என்றாலும், பேருந்தின் படிக்கட்டில் கால் வைத்து ஏற அவர்களால் இயலவில்லை. மாதம் இருமுறை மதுரைக்குச் சென்றாக வேண்டும். ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்குக் கொடுத்த பணம் என் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கியது. தவிர, வாடகை வண்டிக்காரர் அவசரப்படுத்த, அம்மா ஒவ்வொரு முறையும் அவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசுவதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

கார் வாங்குவதென்று முடிவு செய்தபோது, வங்கிக் கடன் வாங்கித் தருவதாக ஒரு நண்பர் முன்வந்தார். வட்டி என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. இதில் என் பெருமை ஒன்றுமில்லை. வகுப்பில் எதை ஓதிக் கொடுக்கிறேனோ அதற்கு மாறாக நடந்துவிட்டு மறுநாள் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது? என் சேமிப்பு 60,000 ரூபாய். துபாயில் இருக்கும் என் மச்சான் 1,05,000 ரூபாயை அழகிய கடனாகத் தந்தார். மாதம் மூவாயிரம் வீதம் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தேன். எழுத வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். சொந்தத்துக்குள்ளும் எழுதிக்கொள்வதே முறை என்று நான் எழுதினேன்.

ஆக, கையில் 1,65,000 ரூபாய். அந்தத் தொகைக்கு அன்று கிடைத்த டீசல் ஸ்விஃப்ட் எதுவும் ஓடி ஓய்ந்துபோன வண்டியாகவே இருந்தது. நல்ல நிலையில் உள்ளதற்கு மூன்று இலட்சம் கேட்டார்கள். அப்போதுதான் மதுரையில் ஒரு தரகர் இந்த ஃபியட் புன்டோவைக் காட்டினார். 2010 ஜூன் மாதம் சென்னையில் பதிவானது. 1.3 மல்டிஜெட் டீசல். சாம்பல் நிறம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுவதுபோல் கனமாக ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே நான் மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் ஒன்று சொன்னார். இன்றளவும் அது சரியாகவே இருக்கிறது. “இஞ்சினுக்குப் பயப்படாதீங்க பாய். ஸ்விஃப்ட் டீசல்ல இருக்கிறதும் இதே இஞ்சின்தான். அது ரிப்பேர் பாக்கத் தெரிஞ்சவனுக்கு இதுவும் தெரியும். மத்ததுக்குத்தான் அலையணும்.”

இதை நீங்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1248 சிசி கொண்ட இந்த டீசல் இஞ்சின் ஃபியட்டின் படைப்பு. டீசலை மிக அதிக அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கி, அங்கிருந்து கணினிக் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பீய்ச்சும் முறையும் பெரும்பாலும் ஃபியட்டின் ஆராய்ச்சியில் உருவானதே. 1997-இல் அவர்களுடைய குழுமத்தின் ஆல்ஃபா ரோமியோ காரில்தான் அது முதலில் வந்தது. இந்த 1.3 இஞ்சினை உரிமம் பெற்று மாருதி 2007-இல் ஸ்விஃப்ட்டில் பொருத்தியது. பின்னர் டிசையர், எர்டிகா முதலியவற்றிலும் வந்தது. டாட்டாவின் இண்டிகா விஸ்டாவிலும் இதே இஞ்சின் இருந்தது. அதாவது, ஃபியட் கார் வேண்டாம் என்று ஒதுக்கிய இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஃபியட்டின் இஞ்சினைத்தான் பல்லாண்டு ஓட்டின. 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபோது மாருதியும் அதை நிறுத்திவிட்டது. பழைய வண்டிகள் ஏராளமாக ஓடுவதால் இஞ்சினுக்குள் வேண்டிய பல பாகங்கள் இன்றும் திருமங்கலத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் கதவுக் கைப்பிடி, பின் விளக்கு, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் ரப்பர் புஷ் போன்றவை புன்டோவுக்கு மட்டுமே உரியவை. ஒரு பின் விளக்கிற்காக நான் பதினொரு நாள் காத்திருந்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. இஞ்சின் ஊர்ப் பிள்ளை, உடம்பு அநாதைப் பிள்ளை என்று மெக்கானிக் தம்பி இதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே, ஃபியட் டீசல் வாங்க எண்ணுவோர் முதலில் தம் ஊர் மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியானால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டீசல் மல்டிஜெட்டில் உள்ளே சுழல்வது இரும்புச் சங்கிலி, 1.2, 1.4 பெட்ரோல் இஞ்சின்களிலோ ரப்பர் பெல்ட். அதைக் காலத்தோடு மாற்றாவிட்டால் ஒருநாள் அறுந்து இஞ்சினுக்கே கேடு விளைவிக்கக்கூடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

தாள்களைப் பொறுத்தவரை நான் ஏமாறவில்லை. ஆர்.சி.யில் பழைய கடன் குறிப்பு இருந்தது. வங்கியின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் கொடுத்து அதை நீக்கிய பிறகே பணம் தந்தேன். பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வண்டியை விற்பவர்களும் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் கேள்வி உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

நான் ஏமாந்தது வேறிடத்தில்.

எட்டு மாதங்கள் வண்டி மிக நன்றாக ஓடியது. அம்மா பின்னிருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு வருவார்கள். திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் வண்டி அசைவின்றிப் போகும். “பேருந்துல போனா எலும்பெல்லாம் பேசும், இதுல பேசல” என்று ஒருமுறை சொன்னார்கள். லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் கிடைத்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும் வண்டிக்குப் பைத்தியம் பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் பலகையில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரியும். சிறிது நேரத்தில் அணைந்துவிடும். இரவில் யாருமில்லாதபோது கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும், திறந்துகொள்ளும். வண்டிக்குள் மக்கிய வைக்கோல் நாற்றம். ஜின் புகுந்துவிட்டது, ஓதிப் பாருங்கள் என்று தெருவில் ஒரு பாட்டி எனக்கே ஆலோசனை சொன்னார்!

மெக்கானிக் தம்பி முன்னிருக்கைகளைக் கழற்றி, தரையில் ஒட்டியிருந்த விரிப்பை நிமிர்த்தினார். அடியில் ஈரம். ஈரத்திற்கு அடியில் மெல்லிய வண்டல் ஏடுபோல் படிந்திருந்தது. இருக்கைகள் நகரும் தண்டவாளங்களில் துரு. ஒயர்கள் சேரும் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. அவர் வண்டலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாய், இது நம்மூரு மண்ணு இல்லையே. கரிசல்னா கறுப்பா ஒட்டும். இது ஆத்துல வந்த சகதி.”

2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அடையாற்று நீர் வீடுகளுக்குள் புகுந்தபோது வாசலில் நின்ற வாகனங்கள் எத்தனையோ மூழ்கின. அவற்றுள் ஒன்று கழுவித் துடைக்கப்பட்டு, நறுமணம் தெளிக்கப்பட்டு, எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது.

தரகரிடம் போனேன். “பார்த்துத்தானே வாங்குனீங்க?” என்றார். அவ்வளவுதான். குறை தெரியாமல் வாங்கியவனுக்குப் பண்டத்தைத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்று நான் வகுப்பில் ஓதிக் கொடுப்பதை அவரிடம் எந்த மொழியில் சொல்வது? திரும்பி வரும் வழியெல்லாம் அவரை மனத்துள் ஏசிக்கொண்டே வந்தேன். இதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாண்டுகளில் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, சில ஒயர்களை மாற்றி, விரிப்பை முழுவதும் புதிதாகப் போட்டதில் 38,000 ரூபாய் செலவாயிற்று. 2021-இல் மச்சான் கடனும் தீர்ந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், வாங்கிய விலையும் செப்பனிட்ட செலவும் சேர்ந்து 2,03,000. அன்றைய ஸ்விஃப்ட்டின் விலையைவிட இது குறைவுதான். ஆகவே ஃபியட் மலிவா என்று கேட்டால் மலிவுதான் என்பேன். ஆனால் அந்த மலிவில் ஒரு பகுதி ஊராரின் தவறான எண்ணத்தால் வந்தது. இன்னொரு பகுதி ஒருவர் மறைத்த வெள்ளத்தால் வந்தது. வாங்கும்போது இவ்விரண்டையும் பிரித்தறிய வழி ஒன்றே. விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அடியில் கைவிட வேண்டும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அம்மா 2023-இல் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார்கள். கடைசி வரை அந்தப் பின்னிருக்கை அவர்களுடையதாகவே இருந்தது.

2025-இல் இரண்டு செலவுகள் ஒன்றாக வந்தன. மூத்த மகளுக்கு மதுரையில் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆரம்பக் கட்டணமாக 48,000 ரூபாய் கட்ட வேண்டும். அதே ஜூன் மாதம் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. பதினைந்தாண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் கட்டணம். பசுமை வரி தனி. வண்டி தகுதியானதுதான் என்று நேரில் காட்டவும் வேண்டும். அம்மாவும் இல்லை. விற்றுவிடுவோம் என்று நானும் மனைவியும் பேசி முடிவு செய்தோம்.

மெக்கானிக் தம்பி 90,000 போகும் என்றார். செய்தி பரவி, எங்கள் மதரஸாவில் ஓதி, இப்போது பேரையூர் சாலையில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒரு மாணவர் வந்தார். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. “ஹஜ்ரத் வண்டின்னா பாக்கணுமா?” என்று சொல்லி 5,000 ரூபாயை முன்பணமாக என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வாங்கிக்கொண்டேன். வெள்ளத்தில் கிடந்த வண்டி என்று சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்று தீர்மானித்ததாகக் கூற முடியாது. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அன்றிரவு எனக்கு நானே பல நியாயங்கள் சொல்லிக்கொண்டேன். ஏழாண்டு ஓடிவிட்டது, பழுதெல்லாம் சரி செய்தாகிவிட்டது, சரியான பிறகு அது குறையாகுமா? மெக்கானிக் தம்பியிடமும் கேட்டேன். “இப்பத்தான் நல்லா இருக்குல்ல பாய், இனிமே அத எதுக்குக் கிளறணும்? சொன்னா அறுபதுக்குக்கூடக் கேக்க மாட்டாங்க” என்றார்.

வாசகர்களே, அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை என்பது நான் குதூரியில் ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கும் பாடம். சொல்லாவிட்டால் 90, சொன்னால் 60 என்றால், இடையிலுள்ள முப்பதாயிரம்தான் அந்தக் குறையின் அளவு. மெக்கானிக் தம்பி கிதாபு ஓதியவரல்லர். ஆனால் அளந்து காட்டிவிட்டார். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நம் நபி (ஸல்) அவர்களின் வரலாறு உங்கள் வீட்டுக் குழந்தைகளும் அறிந்தது. மேலே உலர்ந்த தானியம், உள்ளே நனைந்தது. என் வண்டியிலோ மேலே புது விரிப்பு.

இவ்வளவு தெரிந்தும் நான்கு நாள் போகவிட்டேன். முன்பணம் அலமாரியில் கிதாபுக்குள் இருந்தது. நான்காம் நாள் இரவு சாப்பாடு வைக்கும்போது மனைவி, “தம்பிகிட்ட வெள்ளத்தைப் பத்திச் சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பின் கடைக்குச் சென்று, அவருடைய தகப்பனாரும் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இணைப்பு எப்போது மாற்றியது என்பது வரை சொல்லி, ரசீதுகளையும் வைத்தேன். அந்தப் பிள்ளை துணியை மடித்துக்கொண்டே கேட்டார். முடிவில் என்னை நிமிர்ந்து பார்த்து, “முன்பணம் வாங்கும்போது ஏன் ஹஜ்ரத் சொல்லல?” என்றார்.

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தத் தரகரை நான் ஏசிக்கொண்டு வந்த வழி நினைவுக்கு வந்தது. அவருக்கும் எனக்கும் நான்கு நாள்தான் வித்தியாசம்.

“வெள்ளத்துல கெடந்த வண்டி நமக்கு வேணாம்ப்பா” என்று தகப்பனார் மரியாதையாகவே சொல்லிவிட்டார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அதன்பின் வந்த இருவரிடமும் முதலிலேயே சொன்னேன். ஒருவர் 45,000-க்குக் கேட்டார், மற்றவர் கேட்கவேயில்லை. கட்டணம் கட்டக் கெடு நெருங்கியதால், மனைவி தம் வளையல்களில் ஒன்றைக் கழற்றித் தந்தார். அடகு வைத்தால் வட்டி, ஆகவே விற்றோம். அதை விற்க மதுரை நகைக்கடைத் தெருவுக்குப் போனதும் அதே புன்டோவில்தான். தங்கம் விற்ற விலையில் கட்டணம் போக மிஞ்சியதைக் கொண்டு 25-ஆம் எண் படிவம் கொடுத்துப் பதிவைப் புதுப்பித்துவிட்டேன். இனி 2030 வரை ஓடலாம். ஆய்வாளர் கதவைச் சாத்திப் பார்த்து, “கனமான வண்டி” என்றார். ஆண்டுக்கொருமுறை மூன்றாம் நபர் காப்பீட்டுக்குச் சில ஆயிரங்கள் கட்டுகிறேன். வாரம் ஒருமுறை மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விடுகிறேன். பின்னிருக்கையில் அவள் புத்தகங்கள் கிடக்கின்றன.

கடந்த மாதம் அந்த மாணவர் தொலைபேசியில் அழைத்தார். சில வாரங்களாகப் பள்ளிவாசலில் ஸலாம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டிருந்தவர், திடீரென்று அழைத்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. விருதுநகரில் 2014-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல் ஒன்று பார்த்திருப்பதாகவும், ஜமாஅத் பைத்துல்மாலில் பாதிப் பணம் வட்டியில்லாமல் தருவதாகவும், நான் உடன் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். “மெக்கானிக்கைக் கூட்டிப் போங்களேன் தம்பி” என்றேன். “அவரும் வர்றார் ஹஜ்ரத். நீங்களும் வாங்க” என்றார்.

மூவரும் புன்டோவிலேயே போனோம். வண்டி வெள்ளை நிறம். மெருகேற்றிப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். உரிமையாளர் இஞ்சின் மூடியைத் திறந்து காட்டப் போனார். நான் முன்கதவைத் திறந்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, விரிப்பின் ஓரத்தைப் பிரித்து முழங்கை வரை உள்ளே கைவிட்டேன். “என்ன பாய் தேடுறீங்க?” என்று உரிமையாளர் கேட்டார். மாணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தரை உலர்ந்திருந்தது. தண்டவாளத்தில் துரு இல்லை. கையை எடுத்துத் தட்டிவிட்டு, இஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். கிளம்பிய முதல் சில நொடிகள் உள்ளே சங்கிலி உரசுவதுபோல் ஒரு சத்தம், பிறகு அடங்கியது. மெக்கானிக் தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வாசலில் தினமும் காலையில் கேட்கிற சத்தம்தான் அது. சங்கிலி மாற்றும் செலவு எவ்வளவு என்று அவர் காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார்.